சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு? நாழிகைவழி முதல் வான்வழி வரை

(நீண்ட பதிவு. புலம்பெயர்வு வரலாறு, கடல்வணிக வரலாறு ஆகியவற்றில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்களை முன்னிட்டு எழுதியது.)

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி. பெங்களூருவிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,180 கிலோமீட்டர். நேரம் நான்கரை மணியை ஒட்டியது. சென்னையிலிருந்து சுமார் 2,920 கிலோமீட்டர். கைப்பேசியில் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும் எண்கள் இவை. நம் ஆய்வேடுகளின் முதல் இயலில் 'புவியியல் பின்னணி' என்ற தலைப்பின்கீழ் இத்தகைய எண்களை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். தொலைவு இயற்கை தந்தது, அதற்கு வரலாறு இல்லை என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருக்கிறது. தொலைவுக்கும் வரலாறு உண்டு. தமிழர் வங்கக் கடலைக் கடந்த கதையில் அவ்வரலாற்றை விட்டுவிட்டால் பலருடைய வாழ்க்கை நமக்கு விளங்காமற் போகும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழில் வழித்தொலைவைக் குறிக்க 'நாழிகைவழி' என்றோர் அளவு வழங்கியது. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு நாழிகைவழி. ஏறத்தாழ ஒன்றரை மைல். நேரத்தையே தொலைவின் அலகாகக் கொண்ட அளவை இது. மேட்டுநிலத்தில் நாழிகைவழி குறுகும், சமவெளியில் நீளும். இன்றைய அளவியல் இதைத் துல்லியமற்றது என்று ஒதுக்கும். ஆயினும் பயணியின் உடல் உணரும் தொலைவை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் அலகு பிற்காலத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. இக்கணக்கில் பார்த்தால் பெங்களூருவிலிருந்து சிங்கப்பூர் இன்று பதினொன்றேகால் நாழிகைத் தொலைவு. கோலாலம்பூரிலிருந்து இரண்டரை நாழிகை.

இனி, நிலப்பரப்பின் தொலைவு எவ்வாறு நிலையான எண்ணாக மாறியது என்பதைக் காண்போம். அக்கதையில் பெங்களூருவுக்கு முக்கியமான இடம் உண்டு. நான்காம் மைசூர்ப் போர் 1799-இல் முடிந்தபின், அப்போரில் பங்கேற்ற வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து மலையுச்சிகளையும் கோபுரங்களையும் முனைகளாகக் கொண்ட முக்கோண வரிசை மேற்கு நோக்கி நகர்ந்தது. 1804-இல் பெங்களூரு அருகே இரண்டாவது அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து கோணக் கணக்கால் பெறப்பட்ட நீளத்துக்கும், இங்கே தரையில் சங்கிலியிட்டு அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நடக்காமலேயே அறியலாம் என்பது இங்கே உறுதிப்பட்டது.

பெங்களூரு அடிக்கோட்டை அளந்தவர் ஜான் வாரன். 1802-இல் கோலார்ப் பகுதியில் மாரிக்குப்பம் முதலிய இடங்களில் தங்கம் கிடைப்பதைப் பதிவு செய்தவரும் அவரே. பின்னர்ச் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை வகித்தார். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்கு முறைகளை ஆராய்ந்து 'காலசங்கலித' என்னும் நூலை 1825-இல் வெளியிட்டார். நிலத்தையும் காலத்தையும் ஒருங்கே அளந்தவர் அவர். அவர் குறிப்பிட்ட தங்கவயலில் 1880-களில் பெருஞ்சுரங்கங்கள் தோன்றியபோது வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளின் உழைப்பாளர்கள் மேற்கே கோலாருக்கு வந்தனர். அதே மாவட்டங்களிலிருந்து, அதே தலைமுறைகளில், கிழக்கே மலாயாவுக்கும் ஆட்கள் சென்றனர். ஒருவருக்கு ஒரு நாள் இரயில். மற்றவருக்கு ஒரு வாரக் கப்பல். பெங்களூருத் தமிழரின் வரலாறும் மலேசியத் தமிழரின் வரலாறும் ஒரே ஊர்களிலிருந்து இருதிசை நோக்கிப் பிரிந்த இரு வழிகள் என்பதை நாம் போதுமான அளவு எழுதவில்லை.

நிலத்தைச் சங்கிலியால் அளக்கலாம். கடலை எவ்வாறு அளப்பது? கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் தொலைவை அறிய நேரமே கருவியாயிற்று. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே இரு ஊர்களின் உள்ளூர் நேர வேறுபாடு தெரிந்தால் அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடும் தெரியும். மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஆழ்கடல் தந்திக்கம்பி 1871-இல் இணைந்தது. 1881-82-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் யோகோகாமா தொடங்கி, ஹாங்காங், மணிலா, சிங்கப்பூர், பத்தாவியா வழியாக மதராசு வரை தந்திச் சைகைகளால் கடிகாரங்களை ஒப்பிட்டுத் தீர்க்கரேகைகளை நிறுவினர். சிங்கப்பூரின் கதிரவன் மதராசின் கதிரவனை ஏறத்தாழ 1 மணி 34 நிமிடம் முந்தி உச்சிக்கு வருகிறது. அந்த 94 நிமிடமே 23.6 பாகை.

இம்முறையின் பயனை உணர்த்த ஒரு சான்று போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவைத்துறை மதராசு வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80 பாகை 17 கலை 21 விகலை என ஏற்றிருந்தது. அம்மதிப்பு உண்மையைவிட ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நேரத்தில் அது பத்து நொடிப் பிழை. மதராசு இருக்கும் அகலாங்கில் தரையில் நான்கரைக் கிலோமீட்டர். அவ்வளவைப் பணியின் வரைபடங்களில் இந்தியா முழுவதும் அந்த அளவுக்குக் கிழக்கே நகர்ந்து நின்றது. பழைய நிலப்படங்களின் ஆயங்களை இன்றைய புவித்தகவல் மென்பொருளில் நேரடியாக ஏற்றும் மாணவர்கள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

அளக்கப்பட்ட தொலைவு ஒன்று; கடக்கப்பட்ட வழி வேறு. வங்கக் கடலைத் தமிழர் கடந்தது புதிதன்று. சுமாத்திராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிக்கிறது. அக்குழுவின் மூலம் இன்றைய கருநாடகத்தின் ஐகொளே. கன்னட நிலத்தில் வேர் கொண்ட அமைப்பு, தமிழில் எழுதி, மலாய் உலகில் கல் நட்டது. அக்காலத்தில் இத்தொலைவின் அலகு பருவம். மேலைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கே போகலாம். கீழைக்காற்றாகிய கொண்டலுக்குக் காத்திருந்தே திரும்பலாம். ஆகவே ஒரு பயணம் என்பது கடலில் கழித்த நாட்களுடன் கரையில் காத்திருந்த மாதங்களும் சேர்ந்தது.

நீராவிக் கப்பல் காற்றின் ஆட்சியிலிருந்து பயணத்தை விடுவித்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் 'ரஜூலா' 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. மதராசு, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இணைத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல் அது. கடற்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். ஆனால் ஒரு தொழிலாளியின் பயண நேரம் அந்த ஒரு வாரத்தோடு முடிவதில்லை. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் காத்திருந்த நாட்கள், பினாங்கு அருகே ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைபட்ட நாட்கள், அங்கிருந்து தோட்டத்துக்குச் சென்ற இரயில் பயணம் எல்லாம் அதில் அடங்கும். முதல் வகுப்பில் சென்ற அலுவலருக்கும் மேல்தளத்தில் சென்ற தொழிலாளிக்கும் கப்பல் ஒன்று, கடல் ஒன்று. பயண நேரம் ஒன்றன்று.

வானூர்தி வந்தபோது இந்நிலை உடனே மாறியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் வானூர்தியை ஓட்டினார். நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்தார். பெங்களூரு அவ்வழியில் இல்லை. 1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸின் இலண்டன் சேவை சிங்கப்பூரை எட்டியது. அதன் வழி கராச்சி, ஜோத்பூர், தில்லி, கான்பூர், அலகாபாத், கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர். தென்னிந்தியா முற்றிலும் விடுபட்டது. அக்கால வானூர்திகள் எண்ணெய் நிரப்பாமல் சில நூறு மைல்களுக்கு மேல் பறக்க இயலாதவை. ஆகவே கரையோரம் நிலையத்துக்கு நிலையம் தாவியே செல்ல வேண்டியிருந்தது. மதராசுக்காரர் ஒருவர் வான்வழியாகவே சிங்கப்பூர் செல்ல விரும்பியிருந்தால், கல்கத்தா சென்று விரிகுடாவைச் சுற்றி வந்திருக்க வேண்டும். நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவுகளைக் கூட்டினால் நான்காயிரத்து ஐநூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். நேர்த்தொலைவைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வழியில் இறுதிக்கு முந்தைய நிறுத்தமான அலோர் ஸ்டார், கெடா மாநிலத்தின் தலைநகர். சோழர் கல்வெட்டுகளின் கடாரம். சோழர் படை 1025-ஐ ஒட்டிக் கடல்வழியே நேராகச் சென்றடைந்த நாட்டை, 1933-இன் வானூர்தி நிலத்தைப் பற்றிக்கொண்டு சுற்றி வந்தே தொட்டது.

போர் இந்த வழியையும் அறுத்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் ஆத்திரேலியாவையும் இந்தியப் பெருங்கடலின் வடகரையையும் இணைக்க, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா கடல்வானூர்திகள் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு இடைநில்லாமல் பறந்தன. ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். முப்பது மணிக்கு முன்பின்னாக நேரம். ஒரே பறப்பில் பயணிகள் இருமுறை கதிரவன் எழக் கண்டனர். 'இரட்டைச் சூரியோதயம்' என்று அப்பயணம் பெயர் பெற்றது. அதே போர்க்காலத்தில், 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து தொடங்கிய இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலை நேசநாட்டு வானூர்திகளைப் பழுதுபார்க்கும் பெருங்கூடமாயிற்று. கடலிலிருந்து நெடுந்தொலைவில், மூவாயிரம் அடி மேட்டிலுள்ள இந்நகரின் பெல்லந்தூர் ஏரியில் கேட்டலினாக்கள் வந்திறங்கின. இன்று நுரைபொங்கும் ஏரியாக மட்டும் அறியப்படும் பெல்லந்தூருக்கு வங்கக் கடல் வரலாற்றில் இப்படியும் ஓர் இடம் உண்டு.

இனி இப்பதிவின் மையச் செய்திக்கு வருகிறேன். 1954-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சூப்பர் கான்ஸ்டலேஷன் வானூர்திகளைப் பெற்றுச் சிங்கப்பூர் உள்ளிட்ட கீழைநகரங்களுக்குச் சேவை தொடங்கியது. அவ்வகை வானூர்தி விரிகுடாவைச் சுற்ற வேண்டியதில்லை, நேராகக் கடக்கும். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டரை ஒட்டிய அதன் வேகத்தில் சென்னை–சிங்கப்பூர் தொலைவு ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. வாரம் மணியாயிற்று. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1953 ஆகஸ்டில், மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. திறன்சார் தொழிலர், அலுவலர், வணிகர் போன்ற வரையறுக்கப்பட்ட பிரிவினர்க்கே அது புதிதாக நுழைவு தந்தது. அதற்கும் முன்பே 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்திருந்தது. தொலைவு வரலாற்றில் இல்லாத அளவுக்குக் குறுகிய அதே ஆண்டுகளில், பெரும்பான்மைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்கரை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விலகிப் போயிற்று. கப்பல் காலத்தில் ஒரு வாரத் தொலைவில் இருந்த தமையன், வானூர்திக் காலத்தில் ஆறு மணித் தொலைவில் இருந்தும் எட்டாதவரானார். வானூர்திக் கட்டணம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாதது. ரஜூலா 1973 வரை ஓடியதற்கு இதுவே முதற்காரணம். அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீவிபத்து நேர்ந்தபின் பயணிகள் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது. வான்வழி ஒன்றே வழியாயிற்று.

கோலாலம்பூர்–சிங்கப்பூர்த் தொலைவுக்கும் இதே பாடம் பொருந்தும். 1947-இல் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்குச் சிறு வானூர்திகளை இயக்கத் தொடங்கியபோது அது ஒரே பேரரசுக்குள் நிகழ்ந்த பயணம். 1963-இல் அவ்விரு நகரங்களும் ஒரே நாட்டில் இருந்தன. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது; ஒரே நிறுவனமாக இருந்த வானூர்திச் சேவை 1972-இல் இரு தேசிய நிறுவனங்களாகப் பிரிந்தது. முந்நூறு கிலோமீட்டர் மாறவில்லை. ஆனால் உள்நாட்டுப் பயணம் வெளிநாட்டுப் பயணமாயிற்று. பெங்களூரு–சென்னை வான்தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பறக்கும் நேரமும் அதே ஒரு மணியளவே. இங்கே மாநில எல்லை, அங்கே நாட்டெல்லை. நிலையத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் இவ்விரு 'ஒரு மணி'களும் ஒன்றாகா. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் ஒன்றரை மணியில் இணைக்கும் என்று 2016-இல் ஒப்பந்தமாயிற்று. 2021 தொடக்கத்தில் அவ்வொப்பந்தம் முறிந்தது. நேரத்தைக் குறைப்பது பொறியியலின் வேலை மட்டுமாக இருந்திருந்தால் அது முறிந்திராது.

கடைசியாக, கடிகாரம். பெங்களூருவில் இரவு 11 மணிக்குப் புறப்படும் வானூர்தி சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கும். கடிகாரப்படி ஏழு மணி நேரம். திரும்பும்போது இரவு 8-க்குப் புறப்பட்டு 10-க்கு வந்துசேரும். கடிகாரப்படி இரண்டே மணி. இரண்டிலும் பறந்தது ஏறத்தாழ நான்கரை மணியே. இடையில் நிற்பது இரண்டரை மணி நேர வேறுபாடு. ஆனால் கதிரவனின் கணக்கில் இவ்விரு நகரங்களின் வேறுபாடு ஒன்றேமுக்கால் மணிதான். எஞ்சிய முக்கால் மணி எங்கிருந்து வந்தது? சிங்கப்பூரின் நேரம் 1905-இல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முன், 1933-இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941-இல் ஏழரை, சப்பானிய ஆட்சியில் தோக்கியோவின் ஒன்பது, 1945-இல் மீண்டும் ஏழரை. 1982 சனவரி முதல் நாளில், மலேசியா தன் மேற்குப் பகுதியையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் எட்டுக்கு மாறியது. ஆகவே 1981-இன் வானூர்திக் கால அட்டவணையையும் 1983-இன் அட்டவணையையும் ஒப்பிடுவோர், ஊர்தி அரை மணி மெதுவாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

காற்றும் முழுதாக விடைபெறவில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் கடல்மட்டக் காற்று மேற்கிலிருந்து வீசிப் பழைய பாய்மரங்களைக் கிழக்கே தள்ளியது. அதே மாதங்களில் தென்னிந்தியாவின் மேலே, உயர் வானில், கிழக்கிலிருந்து மேற்காக விரைந்த காற்றோட்டம் ஒன்று பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை 1950-களில் விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேசுவரம். இதன் விளைவாக சூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் நோக்கிப் பறப்பது எதிர்க்காற்றில், திரும்புவது பின்காற்றில். கப்பலுக்கு உதவிய பருவம் வானூர்திக்கு எதிராக நிற்கிறது.

இவ்வளவையும் தொகுத்துச் சொன்னால், ஆய்வில் ஒரு தொலைவைக் குறிக்கும்போது நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்வது நல்லது. அளக்கப்பட்ட நேர்த்தொலைவு எவ்வளவு? அக்காலத்தில் உண்மையில் சென்ற வழி எது? ஏறியது முதல் இறங்கியது வரையன்றி, வீட்டிலிருந்து வேலையிடம் வரை கழிந்த நாட்கள் எத்தனை? அவ்வழி யாருக்குத் திறந்திருந்தது? முதல் வினாவுக்கு மட்டுமே கைப்பேசி விடை தரும். மற்ற மூன்றுக்கும் கப்பல் நிறுவன அறிவிப்புகள், முகாம் பதிவேடுகள், கால அட்டவணைகள், கடவுச்சீட்டு முத்திரைகள் ஆகியவற்றையே நாட வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பெங்களூருவின் அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளிலும், தங்கவயலிலும், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலும் வாழும் பல குடும்பங்களின் பெட்டிகளில் பழைய கப்பல் பயணச்சீட்டுகள், அம்மை குத்திய சான்றுகள், அக்கரையிலிருந்து வந்த மடல்கள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றில் காணும் இரு தேதிகளை, அதாவது புறப்பட்ட நாளையும் சேர்ந்த நாளையும், குறித்து வையுங்கள். பெயர்களை மறைத்தே பகிரலாம். அத்தகைய சில நூறு தேதிகள் திரண்டால், வங்கக் கடலின் அகலத்தை அதைக் கடந்தவர்களின் கணக்கில் முதன்முறையாக எழுத முடியும்.